கோயில் ஒரு நாள், கடை ஒரு நாளா?

சென்னையிலிருந்து பாங்காக் விமானத்தில் மூன்றரை மணி நேரம். 2023 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்ததிலிருந்து (விதி அவ்வப்போது மாறும், டிக்கெட் போடும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது) நாலு நாள் விடுமுறை சேர்ந்து வந்தாலே குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் கையில் கிடைக்கும் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். ஒரு நாள் ‘சிட்டி டூர்’: பொன் புத்தர், மரகத புத்தர், சயன புத்தர் என்று வேனிலிருந்து இறக்குவார்கள், ஏற்றுவார்கள். மறுநாள் ‘ஷாப்பிங்’: குளிரூட்டிய மால் ஒன்றின் வாசலில் காலையில் விட்டுவிட்டு, மாலையில் மூட்டைகளோடு அள்ளிக்கொள்வார்கள். முதல் நாள் கண்ணுக்கு, இரண்டாம் நாள் பெட்டிக்கு. மூன்றாவது கோயிலிலேயே பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். நாலாவது மாடியிலேயே பெரியவர்களுக்குக் கால் கடுத்துவிடும். இரண்டு நாளும் போன பிறகு, பாங்காக் எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டால் ‘நல்ல சுத்தம், நல்ல வெயில்’ என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. குறை ஊரிலும் இல்லை, போனவர்களிடமும் இல்லை. பார்ப்பதையும் வாங்குவதையும் தனித்தனி நாளாக வெட்டிய அந்த நிரலில் இருக்கிறது. பாங்காக்கின் கோயில்கள் பல வணிகக் காசில், வணிகக் கப்பலில் வந்த பொருளில் எழுந்தவை. அதன் பழைய கடைத்தெருவோ அரண்மனைக்கு ஒத்த வயதுடையது. இரண்டையும் ஒரே நடையில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்றை வைத்து இன்னொன்று புரியும்.

ஊர் பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. 1767-இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்த பிறகு, சாவோ பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியில் பதினைந்து ஆண்டுகள் தலைநகரம் இருந்தது. 1782-இல் முதலாம் ராமா மன்னர் தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அங்கே அரண்மனைக்குத் தேர்ந்த இடம் வெறும் திடல் அல்ல. சீன வணிகர்கள் குடியிருந்த இடம். அவர்களைக் கொஞ்சம் தெற்கே, ஆற்றோரமாகவே நகர்த்தினார்கள். அப்படிக் குடியேறிய இடம்தான் சாம்பெங். மன்னர் அரண்மனையைக் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் சீனர்கள் கிடங்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மரகத புத்தர் கோயிலைப் ‘பாரம்பரியம்’ என்றும் சாம்பெங் சந்தையைப் ‘பர்ச்சேஸ்’ என்றும் பிரித்து எழுதுவது சரித்திரப்படி பார்த்தால் வேடிக்கையான காரியம். இரண்டும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள்.

இந்த உறவை முழுதாகக் காட்டும் மனிதர் மூன்றாம் ராமா (1824–1851). அரியணை ஏறும் முன் துறைமுகத்தையும் வெளிநாட்டு வணிகத்தையும் கவனித்தவர் அவர். சீனத்துக்குக் கப்பல் அனுப்பி நிறையச் சம்பாதித்தார். தந்தை இரண்டாம் ராமாவே அவரை ‘ஜாவ் சுவா’, அதாவது பெரிய செட்டியார், என்று வேடிக்கையாக அழைத்ததாகச் சொல்வார்கள். இன்று சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் கோயில்களில் பலவும் அவர் கட்டியவை, பெரிதாக்கியவை அல்லது முடித்துவைத்தவை. வாட் போ கோயிலுக்குள் நுழைகிறவர்கள் நேரே 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரிடம் ஓடிவிடுகிறார்கள். முத்துச் சிப்பி பதித்த பாதங்களில் 108 மங்கலச் சின்னங்களைப் படம் எடுத்துவிட்டு, வரிசையாக வைத்த வெண்கலக் கிண்ணங்களில் சில்லறை போட்டுவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். அவர்கள் நிற்காமல் கடக்கும் வாசல்களில் கருங்கல் காவலர்கள் நிற்கிறார்கள். சிலர் சீனப் போர்வீரர்கள், தாடி மார்பு வரை தொங்கும். சிலர் தலையில் ஐரோப்பியத் தொப்பி, கையில் தடி. பௌத்தக் கோயிலில் இவர்களுக்கு என்ன வேலை? இங்கிருந்து அரிசியும் மரமும் ஏற்றிப் போன சீனப் பாய்க்கப்பல்கள் பட்டு, தேயிலை, பீங்கான் என்று இலகுவான சரக்கோடு திரும்பின. கடலில் கப்பல் ஆடாமல் இருக்க அடியில் பாரம் வேண்டும். அந்தப் பாரமாக வந்தவை இந்தச் சிலைகள். கரையில் இறக்கியதும் மன்னர் அவற்றைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டார். கப்பல் அடித்தளத்துக் கல் துவாரபாலகர் ஆன கதை வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

ஆற்றைப் படகில் கடந்தால் வாட் அருண். தூரத்தில் கல் கோபுரம் போலத் தெரிவது, கிட்டப் போனால் பீங்கான் கடை. கோப்பை, தட்டு, சாடி மூடி என்று உடைந்த சீனப் பாத்திரத் துண்டுகளைச் சுண்ணாம்பில் பதித்துப் பூவாகவும் இதழாகவும் ஆக்கியிருக்கிறார்கள். இதழாக வளைந்திருக்கும் துண்டில் பழைய தட்டின் விளிம்புக் கோடு அப்படியே தெரியும். பூவின் நடுவே குமிழாக இருப்பது ஒரு சிறு கிண்ணத்தின் அடிப்பாகம். நடுவே கடல் சிப்பியும் உண்டு. மொத்தக் கோபுரமும் ஒரு துறைமுக ஊரின் உடைசல் கணக்கு. இன்னும் தெற்கே போனால் வாட் யன்னாவா என்ற கோயிலில் ஸ்தூபிகளைத் தாங்கும் பீடமே சீனக் கப்பல் வடிவத்தில் இருக்கும். நீராவிக் கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன, பாய்க்கப்பல் இனி நிலைக்காது என்று தெரிந்த மூன்றாம் ராமா, அதன் வடிவம் எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்கள் அறியட்டும் என்று கட்டிவைத்தாராம். அவருடைய வணிகச் சேமிப்பைச் சிவப்புத் துணிப் பைகளில் கட்டி வைத்திருந்ததாகவும், 1893-இல் பிரெஞ்சுக்காரர்கள் போர்க்கப்பலோடு வந்து 30 லட்சம் பிராங்க் இழப்பீடு கேட்டபோது அந்தப் பைகள் கைகொடுத்ததாகவும் தாய்லாந்தில் சொல்வது வழக்கம். கடைக் காசு கோயிலைக் கட்டியது. நாட்டையும் காத்தது என்று அவர்கள் பெருமைப்படுகிறார்கள். நாம் போய் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறோம்.

சரி, சந்தைப் பக்கம் வருவோம். சாம்பெங் தெரு என்று சொல்வதே அதிகம். அது ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும். அதற்குள்ளேயே சரக்கு ஏற்றிய தள்ளுவண்டியும் சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் வரும். பின்னால் குரல் கேட்டதும் கடைக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பொத்தான், லேஸ், ரிப்பன், பாசிமணி, ஹேர் கிளிப், பொம்மை, செருப்பு, பரிசுத்தாள் என்று ஒவ்வொரு கடையும் ஒரே சரக்கில் ஊறிக் கிடக்கும். சென்னைக்காரருக்கு இதெல்லாம் பாரிமுனையில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் பழகிய வாசனைதான். விலைச்சீட்டில் இரண்டு எண் இருந்தால், ஒன்று சில்லறை விலை, மற்றது மொத்த விலை. பல கடைகளில் மொத்த விலைக்கு நூறு உருப்படி வேண்டியதில்லை, ஆறோ பன்னிரண்டோ போதும். சில இடங்களில் மூன்றுக்கே விலை இறங்கும். ஊருக்குத் திரும்பி அக்கம்பக்கம், அலுவலகம், ஒன்றுவிட்ட உறவு என்று இருபது பேருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டியவர்களுக்கு மாலைவிட இந்தச் சந்துதான் தோது. பேரத்துக்கு மொழி வேண்டாம். கடைக்காரம்மா கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டி நீட்டுவார். வாங்குகிறவர் அதை அழித்து வேறொன்றைத் தட்டித் திருப்பித் தருவார். மூன்று சுற்றுக்குள் முடிந்துவிடும். முகம் சுளிப்பதும் குரலை உயர்த்துவதும் அங்கே எடுபடாது, சிரித்துக்கொண்டே கேட்டால் இறங்குவார்கள். ஏற்கெனவே மொத்த விலை சொன்ன கடையில் மேலும் பாதிக்குக் கேட்பது நம் ஊர் வீரம். அங்கே அது மரியாதைக் குறைவாகத்தான் தெரியும்.

சந்துக்கு இணையாக ஓடும் யாவாராட் சாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் போட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பேர்போனது, பகலில் தங்கத்துக்கு. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் சங்கிலிகள் சுவர் முழுக்கத் தொங்கும் அந்தக் கடைகளில் கிராம் என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். அங்கே தங்கத்தின் எடைக்கும் பாட் என்றுதான் பெயர். நாணயத்துக்கும் அதே பெயர், ஏனென்றால் பணம் ஒரு காலத்தில் எடைதான். நகைக்கு ஒரு பாட் என்பது 15.16 கிராம், அதாவது நம் கணக்கில் இரண்டு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. தரம் 96.5 சதவீதம், நம் 22 காரட்டின் 91.6-ஐவிட மஞ்சள் தூக்கலாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். அன்றைய விலையை வாசலிலேயே பலகையில் எழுதிப் போடுவார்கள், வாங்கும் விலை தனி, விற்கும் விலை தனி. வேடிக்கை பார்க்க நல்ல இடம். வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர்களுக்கு. மூன்று நாள் போய்வருகிறவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார்.

தாய்லாந்துத் தங்கத்தோடு தமிழுக்கு ஒரு பழைய கணக்கு இருப்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. தெற்கே கிராபி மாகாணத்தில் குலோங் தோம் என்ற இடத்தில் சின்ன உரைகல் ஒன்று கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்தில் அதில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டியிருக்கிறது; கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு எழுத்து என்கிறார்கள். பெரும்பத்தன் ஒருவனுடைய கல். பொற்கொல்லர்களைப் பத்தர் என்று தமிழ்நாட்டில் இன்றைக்கும் சொல்கிறோம். நகைத் தொழிலாளி ஒருவர் தன் உரைகல்லை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று பெயர் வெட்டிக் கடல் கடந்திருக்கிறார். யாவாராட்டின் முனையில் வாட் திரைமித் கோயிலில் இருக்கும் பொன் புத்தரைப் பார்க்கும்போது அந்தக் கல்லை நினைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்தச் சிலையை உரைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சுமார் ஐந்தரை டன் தங்கம். மேலே சுதை பூசியிருந்ததால் சாதாரணச் சிலை என்று நினைத்து, தகரக் கூரைக்கு அடியில் இருபது ஆண்டுகள் போல வைத்திருந்தார்கள். 1955-இல் புதிய மண்டபத்துக்குத் தூக்கும்போது தவறிச் சுதை பெயர்ந்தது, உள்ளே மின்னியது. தங்கக் கடைத் தெருவுக்குப் பத்து நிமிட நடையில் ஐந்தரை டன் தங்கம் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது! ‘சிட்டி டூர்’ நாளில் இந்தக் கோயிலுக்கு மட்டும் வேனில் வந்து போகிறவருக்கு இந்த வேடிக்கை எப்படிப் பிடிபடும்?

வெயில், கூட்டம், வயதானவர்கள், கைக்குழந்தை: இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு இங்கிருந்துதான் வரும். மாலில் நாற்காலி உண்டு, கழிப்பறை உண்டு, ஏசி உண்டு. ஏப்ரலில் பாங்காக் வெயில் சென்னைக்குச் சளைத்தது இல்லை. நியாயமான மறுப்பு. ஆனால் அதற்கான பதிலை 2019-இல் அரசே கொடுத்துவிட்டது. அந்த ஆண்டு நீட்டித்த சுரங்க ரயிலின் நீலத் தடத்தில் அடுத்தடுத்த நான்கு நிலையங்கள்: சனாம் சாய், சாம் யோட், வாட் மங்கோன், ஹுவா லம்போங். முதலாவதில் இறங்கினால் வாட் போ, பூச்சந்தை. இரண்டாவதில் பாஹுராட் துணிச் சந்தையும் பெரிய ஊஞ்சலும். மூன்றாவதில் யாவாராட், சாம்பெங். நான்காவதில் பொன் புத்தர். கோயில், சந்தை, சந்தை, கோயில் என்று மாலை கட்டினாற்போல வருகிறது. ஒவ்வொரு நிலையமும் ஏசிதான். காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் இரண்டு இடம், பகல் முழுக்க அறையில் ஓய்வு, நாலு மணிக்கு மேல் மீதி இரண்டு என்று வைத்துக்கொண்டால் எழுபது வயதுக்காரருக்கும் முடியும். வேனில் போகிறவர்கள் வெயிலில் நிற்காவிட்டாலும் போக்குவரத்து நெரிசலில் நிற்கிறார்கள். அந்தக் கணக்கை யாரும் எழுதிவைப்பதில்லை.

மாலுக்கே போயாக வேண்டும் என்பவருக்கும் ஒரு வழி இருக்கிறது, அதுவும் மூன்றாம் ராமா போட்ட வழி. 1837-இல் படை நகர்த்துவதற்காக அவர் வெட்டத் தொடங்கிய சேன் சேப் கால்வாயில் இன்று பயணிகள் படகு ஓடுகிறது. நீளமான படகு, பெஞ்சு வரிசை. எதிரே இன்னொரு படகு வந்தால் அலை எழும். உடனே ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாய்த் திரையை உயர்த்திக்கொள்வார்கள். கால்வாய்த் தண்ணீர் வாசனை திரவியம் இல்லை என்பதால் இதில் சுணக்கம் கூடாது. தலைக்கவசம் போட்ட நடத்துநர் படகின் வெளி விளிம்பில், ஒரு சாண் அகலப் பலகையில் நடந்து வந்து சீட்டுக் கிழிப்பார். தாழ்ந்த பாலம் வந்தால் படகின் கூரையே கீழே இறங்கும். பழைய நகரின் கிழக்குப் பக்கத்திலிருந்து இந்தப் படகு, சாலை நெரிசலில் ஒரு மணி நேரம்கூட ஆகும் தூரத்தைக் கால் மணி, இருபது நிமிடத்தில் கடந்து ஜவுளி மொத்தச் சந்தையான பிரதுநாமில் விட்டுவிடும். பிரதுநாம் என்றால் நீர்க்கதவு, மதகு. கால்வாயின் மதகு இருந்த இடத்தில் படகுகள் காத்து நின்றன, நின்ற இடத்தில் கடை முளைத்தது.

அந்தப் பாதையின் நடுவே இறங்க வேண்டிய ஓர் இடம் ஜிம் தாம்ப்சன் வீடு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் வந்து தங்கிவிட்ட இந்த அமெரிக்கர், நசிந்துகொண்டிருந்த தாய்ப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர். 1967-இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவில்லை. என்ன ஆனார் என்று இதுவரை துப்பு இல்லை. பழைய தேக்கு வீடுகள் ஆறைப் பல ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து கால்வாய்க் கரையில் இணைத்துக் கட்டிக்கொண்டார். ஏன் கால்வாய்க் கரை? எதிர்க்கரையில் பான் க்ருவா. சாம் இன முஸ்லிம் நெசவாளர்களின் குடியிருப்பு. அவருடைய தறிகள் அங்கேதான் ஓடின. அந்த வீடு இன்று அருங்காட்சியகம். வாசலில் பட்டுக் கடை. அது பார்க்கும் இடமா, வாங்கும் இடமா என்று பிரிக்கச் சொன்னால் எந்த வழிகாட்டியும் திணறுவார்.

‘பார்ப்பதையும் வாங்குவதையும் சேர்ப்பதுதானே மோசடிக்காரர்களின் வேலை’ என்று ஒரு மறுப்பு வரலாம். வலுவான மறுப்பு. அரண்மனை வாசலில் நல்ல உடுப்பில் ஒருவர் வந்து, ‘இன்று மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது, அதுவரை வேறு கோயில் காட்டுகிறேன்’ என்பார். சொற்ப காசுக்கு துக்-துக் வரும். இரண்டு கோயிலைக் காட்டிவிட்டு மூன்றாவதாக ரத்தினக் கல் கடையில் நிறுத்தும், ‘இன்று ஒரு நாள்தான் அரசுத் தள்ளுபடி’ என்பார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிற நாடகம் இது. அறிவிப்புப் பலகைகள் வைத்தும் ஓயவில்லை. ஆனால் இந்தத் தந்திரம் எடுபடுவது யாரிடம்? எது எங்கே விற்கும் என்று தெரியாமல், கோயிலுக்கு என்று மட்டும் தயாராகி வந்தவரிடம். கல் வணிகம் நடப்பது சீலோம் சாலைப் பக்கம். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பலர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள், பக்கத்திலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. கல் வாங்குவதென்றால் போகிற இடம் அது, அங்கேயும் கல்லை அறிந்தவர் கூட இருந்தால்தான். இந்த வரைபடம் மனதில் இருப்பவர் துக்-துக்கில் ஏறமாட்டார்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வரும்: ‘பழைய சந்தை என்கிறீர்கள், சாம்பெங்கில் இன்று கிடைப்பதெல்லாம் சீனத் தொழிற்சாலைச் சரக்கு. அதையே சென்னையிலும் வாங்கலாமே?’ உண்மை. ஆனால் சாம்பெங்கில் சீனச் சரக்கு கிடைக்காத காலம் எது? பீங்கானாக வந்தது பிளாஸ்டிக்காக வருகிறது, பாய்மரத்தில் வந்தது கன்டெய்னரில் வருகிறது. உள்ளூர்க் கைவேலைதான் வேண்டும் என்றால் பொற்குன்றக் கோயிலுக்குப் பக்கத்தில் பான் பாட் சந்துக்குப் போக வேண்டும். பிக்குகளின் பிச்சைப் பாத்திரம் செய்யும் குடும்பங்கள் அங்கே இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. எட்டு இரும்புத் தகடுகளை வளைத்துச் சேர்த்து, செம்பு உருக்கி மூட்டி, பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி உருட்டுகிறார்கள்; எட்டு என்பது புத்தர் சொன்ன எண்வழி மார்க்கத்துக்கு. சந்துக்குள் நுழையும் முன்பே சுத்தியல் சத்தம் கேட்கும். ஆலைப் பாத்திரத்தைவிடப் பல மடங்கு விலை, ஆனால் தாய்லாந்திலிருந்து கொண்டுவர இதைவிடத் தகுந்த பொருள் சொல்வது கடினம். இங்கிருந்து பம்ருங் முவாங் சாலையில் நடந்தால் இருபக்கமும் புத்தர் சிலைக் கடைகள், பொன் முலாம் பூசிய ஆளுயரச் சிலைகள் பிளாஸ்டிக் உறைக்குள் நடைபாதையில் உட்கார்ந்திருக்கும். வேடிக்கையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். புத்தர் சிலையை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

அந்தச் சாலையின் வழியில் சிவப்பாக உயர்ந்து நிற்கும் இரண்டு தேக்கு மரத் தூண்கள்தான் பெரிய ஊஞ்சல். பக்கத்தில் தாய்லாந்துப் பிராமணர்களின் தேவஸ்தானம். ஆண்டுக்கு ஒருமுறை அங்கே நடக்கும் விழாவுக்கு ‘திரியம்பாவை திரிபாவை’ என்று பெயர். உச்சரிப்பை உதறிவிட்டுப் பார்த்தால் திருவெம்பாவை, திருப்பாவை. ஊஞ்சல் ஆடும் சடங்கு 1930களில் நின்றுவிட்டது, உள்ளே பாசுரம் ஓதுவது நிற்கவில்லை. பொருள் தெரியாமல், ஒலி தேய்ந்து, ஆனாலும் தமிழாகவே பல நூற்றாண்டுகள் தாண்டி வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகும் ‘சிட்டி டூர்’ வேன்கள் இந்த இடத்தை வேகம் குறைக்காமல் கடந்துபோவதை என்னவென்று சொல்ல?

மிதக்கும் சந்தையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். டாம்னோன் சதுவாக் பாங்காக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பழைய படங்களில் பார்த்த பெண்களும் ஓலைத் தொப்பியும் உண்மைதான். ஆனால் இன்று அங்கே படகில் இருப்பவர்களில் வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு தரப்புமே சுற்றுலாவுக்காக வந்தவர்கள். போக வர அரை நாளைத் தின்றுவிடும். மூன்று நாள் பயணத்தில் அதற்கு இடம் கொடுப்பது கட்டுப்படியாகாது. சனி, ஞாயிறு கையில் சிக்கினால் சதுசக் சந்தைக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம். அரண்மனைக்கு முன்னால் சனாம் லுவாங் திடலில் கூடிக்கொண்டிருந்ததை 1982-இல் இங்கே மாற்றினார்கள், அதாவது அதுவும் பழைய நகரின் பிள்ளைதான். பதினைந்தாயிரத்துக்கு மேல் கடைகள். பிடித்ததைப் பார்த்தவுடனே வாங்கிவிட வேண்டும், அப்புறம் வரலாம் என்று நகர்ந்தால் அந்தக் கடை மறுபடி கண்ணில் படாது. மாலில் ஒரே கடையில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால் 7 சதவீத வாட் வரியைத் திரும்பப் பெறும் படிவத்தை அப்போதே, பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டு வாங்க வேண்டும்; விமான நிலையத்தில் நினைத்துக்கொண்டால் பயனில்லை. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பாக ‘ஜே’ என்ற தாய் எழுத்துப் போட்ட கடைகளைத் தேடலாம். மற்ற இடங்களில் வெறும் காய்கறி என்று சொன்னாலும் மீன் சாறு விட்டுத்தான் வதக்குவார்கள்.

கடைசி இரவை பாக் க்லோங் தலாடுக்கு வைத்துக்கொள்வது நல்லது. வாட் போவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஆற்றோரம் இருக்கும் பூச்சந்தை இது. சரக்கு வந்து இறங்குவதும் பேரம் சூடு பிடிப்பதும் மற்ற கடைகள் மூடிய பிறகுதான். சாமந்தி மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மல்லிகை, நம் ஊரைப் போலப் படியிலோ முழத்திலோ இல்லை, பனிக்கட்டி வைத்த பிளாஸ்டிக் பையில் எடைக்கு விற்கும். அதை ஊசியில் கோத்து, நுனியில் ரோஜாவும் குஞ்சமும் வைத்து, கைக்குள் அடங்கும் சின்ன மாலையாக்கி வைத்திருப்பார்கள். தலையில் சூடுவதற்கு இல்லை, புத்தருக்கும் வாசல் தெய்வத்துக்கும், டாக்சியின் கண்ணாடிக்கும். ஒரு கடையில் தாமரை மொட்டுக்காரம்மா உட்கார்ந்திருப்பார். மொட்டை இடது கையில் பிடித்து, வெளி இதழ் ஒவ்வொன்றையும் வலது கட்டை விரலால் உள்பக்கம் மடித்துச் செருகுவார். ஐந்தாறு மடிப்பில் மொட்டு வேறு பூவாகிவிடும். பேச்சு வாடிக்கையாளரோடு, கண் அடுத்த மொட்டில். மூன்று மொட்டு கட்டி, ஊதுபத்தியோடு வாழையிலையில் சுற்றி நீட்டுவார். விமானம் நள்ளிரவுக்கு மேல்தான் என்றால், அதை வாங்கி விடுதி வாசலில் இருக்கும் சின்னத் தெய்வக் குடிலில் வைத்துவிட்டுப் பெட்டியை எடுக்க மேலே போகலாம்.